நூற்றறுபது கிலோ வரை

வீட்டிலுள்ள எடைக்கருவி
நூற்றிருபதில் திக்கி நின்றுவிடும்.
அதனால் வியாழன் மாலை, ஹம்ரியா கிடங்கில்
எல்லோரும் பஸ் ஏறிப் போனபின்
சரக்கு நிறுக்கும் மேடையில் ஏறி நின்றேன்,
இரும்புச் சுருளுக்குப் பின்னால் வரிசையில் வந்தவன்போல.
நூற்று முப்பத்தொன்று. பாதுகாப்புக் காலணியோடு.

காலணிக்கு ஒன்றரை கழித்துக்கொண்டேன்.
மனம் அப்படி.

உம்முல் குவைன் கடையில்
கயாக்குகள் சுவரில் சாய்ந்து நின்றன,
எலுமிச்சை நிறம், கத்திரிப்பூ நிறம், பழைய மணல் நிறம்.
இத்ரீஸ், சூடான்காரர்,
என் இடுப்பைப் பார்க்காமலே அளக்கத் தெரிந்தவர்,
"உங்களைப் போன்ற..." என்று தொடங்கி
"உயரமானவர்களுக்கு" என்று முடித்தார்.
நான் ஐந்தடி ஆறு.

முதலில் காட்டியது அம்புபோல் ஒன்று.
அருமைநாயகம் வைத்திருப்பது அதுதான்;
ஐம்பத்தெட்டு கிலோ ஆள்,
தண்ணீருக்குத் தெரியாமலே போய்வருவார்.
நூற்றறுபது கிலோ வரை, என்றது ஒட்டுத்தாள்.

என் தொழில் இத்ரீசுக்குத் தெரியாது.
பதினான்கு வருடமாய்
கிரேன் கொக்கிகளுக்குச் சான்று எழுதுகிறேன்.
கொக்கியில் அடித்த எண்ணில்
அடித்தவனின் பயம் கொஞ்சம் இருக்கும்.
இந்தத் தாளில் பயமே இல்லை.

அதன் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன்:
நான். பனிக்கட்டிப் பெட்டி.
தண்ணீர் நான்கு லிட்டர், ஜூன் என்றால் ஆறு.
தூண்டில் இரண்டு, நங்கூரம், மிதவைச் சட்டை.
"கொஞ்சம்தான்" என்று ஜீனத் கட்டித்தரும் சோறு,
அது ஒன்றே கால்.
மாட்டினால் ஷேரி மீன். மாட்டாவிட்டாலும்
அதற்கொரு இடம் விடவேண்டும், மரியாதைக்கு.
நூற்றைம்பத்தெட்டு வந்தது.

"மிதக்கும்" என்றார் இத்ரீஸ்.
மிதக்கும்தான். எருமையும் மிதக்கும்.
இருக்கைக்கு அடியிலுள்ள வடிதுளைகளில்
இறங்கவேண்டிய தண்ணீர் ஏறி வரும்.
நாளெல்லாம் ஈரக் கால்சட்டையில் உட்கார்ந்திருப்பேன்,
மூழ்கவும் இல்லாமல், மிதக்கவும் இல்லாமல்,
விசா புதுப்பிக்கும் மாதம்போல.

அகலமானது பின்கட்டில் கிடந்தது, தூசியோடு.
எண்பத்தொன்பது சென்டிமீட்டர். இருநூற்று முப்பது கிலோ.
உயர்த்திக் கட்டிய நாற்காலி;
அதன் குழாயை நகத்தால் தட்டினேன்,
பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினேன்.
"மெதுவாகத்தான் போகும்" என்றார்
குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல.
எனக்கென்ன, மீனா காத்திருக்கிறது?
ஆனால் படகே நாற்பத்திரண்டு கிலோ.
என் சன்னி காரின் கூரையிடம் யார் சொல்வது?

சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை நான்.
கண்டல் மரங்களுக்கு இப்பால், முழங்கால் ஆழத்தில்,
ஏறி உட்கார்ந்தேன்.
கால்களுக்கு நடுவே இருபது லிட்டர் கேன் இரண்டு.
"எதற்கு?" என்றார் இத்ரீஸ், கந்தூராவைத் தூக்கிப் பிடித்தபடி.
சொன்ன சுமைக்கு மேல் கால்பங்கு ஏற்றிப் பார்ப்பதுதான் முறை.

கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை
இரண்டிரண்டாய் அடுக்கி உட்காருபவன் நான்.
விமானத்தில் இடைவார் போதவில்லை என்று
பணிப்பெண்ணிடம் கிசுகிசுப்பவன்.
எங்கு அமர்ந்தாலும் ஒரு காலைத் தரையில்
பாதி எடையோடு வைத்திருப்பவன்.

இங்கே தரை இல்லை.
மெல்ல எழுந்து நின்றேன்.
படகு ஒரு விரல் சாய்ந்தது, யோசித்தது,
திரும்பி வந்தது.
வடிதுளைகளில் குனிந்து பார்த்தேன்: காய்ந்திருந்தன.
தூரத்தில் பூநாரைகள்
ஒற்றைக் காலில், எந்தச் சான்றும் இல்லாமல்.

கைப்பேசி அடித்தது. ஜீனத்.
"எவ்வளவாம்?"
"நூற்று முப்பத்தொன்று."
"திர்ஹமா? அவ்வளவு மலிவா?"
"கிலோ."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
பிறகு கேட்டாள்,
"காலணியோடயா?"